தவமணியின் கூலர்

மல்வேர்னில் வீட்டு வாசலை விட்டு வான் புறப்படும்போதே தவமணி சாப்பாடு நிரப்பிய தன் கூலரைக் காலடியில் வைத்துக்கொண்டாள். பின்பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது. வானுக்குச் சொந்தக்காரரான குஞ்சித்தம்பி இறங்கி வந்து, "தாங்க தங்கச்சி, பின்னால வைப்பம்" என்று கை நீட்டினார். "பரவாயில்லை, இது இஞ்சையே இருக்கட்டும்" என்று அவள் அதை இரண்டு காலாலும் அணைத்துக்கொண்டாள். பின்னால் இருந்தது குஞ்சித்தம்பி வீட்டுச் சாப்பாடு. அதோடு இதை முட்டவிட அவளுக்கு என்ன விசரா?

விஷயம் இதுதான். தவமணியின் ஒரே மகள் நிரூபா, குஞ்சித்தம்பியின் மகன் கிருஷாந்தைத்தான் கட்டுவேன் என்று மாசிப் பனிக்குள் வந்து நின்றாள். பெடியனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படித்தவன், கொம்பியூட்டர் வேலை, வாயில் சிகரெட் வைத்து ஒருவரும் கண்டதில்லை. ஆனால் ஊர் மட்டக்களப்பு. தவமணிக்கு மட்டக்களப்பில் ஒருவரையும் தெரியாது, ஆனால் மட்டக்களப்பைப் பற்றி எல்லாம் தெரியும். அங்கே போன யாழ்ப்பாணத்தானைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், சோற்றில் வசிய மருந்து போட்டு ஆளையே மாற்றிவிடுவார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். நகரின் மறுகோடியில், பார்க்டேலில் இருக்கும் தமக்கை அருள்மலர் ரெலிபோனில் அதற்கு இன்னும் எண்ணெய் ஊற்றினாள்.

"அவையின்ர சோத்தில மட்டும் கை வைச்சிடாதை. சம்பந்தம் முற்றாக முந்திக் கை நனைச்சியெண்டால், பிறகு மாட்டன் எண்டு சொல்ல உனக்கு வாய் வராது."

மருந்தை நம்பாதவர்கள்கூட இந்த வழக்கத்தை மீறுவதில்லை. கலியாணப் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் ஒரு பிடி சாப்பிடக்கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். தவமணி மருந்தையும் நம்பினாள், வழக்கத்தையும் நம்பினாள்.

நிரூபா அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. பிடித்திருந்தால் தவமணிக்குச் சுகமாக இருந்திருக்கும், சண்டையில் அவளை வென்றவர் கிடையாது. "அம்மா, ரெண்டு நாள் அவையோட இருந்து பாருங்கோ. அதுக்குப் பிறகும் வேண்டாமெண்டால் நான் திருப்பிக் கேக்கமாட்டன்" என்று மட்டும் சொன்னாள். சொன்னால் சொன்னதுதான், தாயைப் போல. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனி ஞாயிறுக்கு, ஸ்ரௌவ்வில் என்ற ஊரையும் தாண்டி வடக்கே, ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்கும் ஒரு கவுண்டி பார்க்கில் கிருஷாந் இடம் பிடித்தான். ஆக, வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் தவமணி இந்தக் காட்டுக்கு வந்தாள். ஞாயிறு பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்ததும் சொல்வதென்று தீர்மானம்.

இடம் வடிவாகத்தான் இருந்தது. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நெருக்கமான மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டை, ஒரு மரமேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம். கொஞ்சம் தள்ளி ஆறு, சத்தமில்லாமல் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் வேறு ஒரு கூடாரமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? அவளுடைய கணவர் ஸ்ரீஸ்கந்தராசா கரையில் நின்று, இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும், எவ்வளவு ஆழம் என்று குஞ்சித்தம்பியை வாய் ஓயாமல் கேட்டார். அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார்கள். இந்த மனிசன் அவையோட ஒட்டிக்கொள்ள ஒரு ஆறு போதும் என்று தவமணிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

குஞ்சித்தம்பியின் மனைவி கோணேஸ்வரி அதிகம் பேசுகிறவள் இல்லை. கூடாரம் அடிக்கும்போது ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மற்றப் பக்கத்தைத் தவமணி பிடிக்க வேண்டியதாயிற்று. அவளை என்னவென்று கூப்பிடுவது என்பதே பெரிய சிக்கல். மச்சாள் என்றால் சம்பந்தத்தை ஒத்துக்கொண்டதாகிவிடும். பெயர் சொன்னால் மரியாதை இல்லை. "இஞ்சேருங்கோ, உந்தக் கயித்தை இழுங்கோ" என்று தவமணி சமாளித்துக்கொண்டாள்.

மத்தியானம் கோணேஸ்வரி சோறும் மீன்குழம்பும் வைத்தாள். தேங்காய்ப்பாலும் புளியும் கறிவேப்பிலையும் சேர்ந்து கொதித்த மணம் மரங்களுக்குள் நின்று போகமாட்டேன் என்றது. தவமணி தன் கூலரைத் திறந்து புட்டும் பொரியலும் எடுத்துத் தனக்கும் கணவருக்கும் போட்டாள். ஸ்ரீஸ்கந்தராசா ஒரு கண்ணைத் தட்டிலும் மறு கண்ணை அந்தச் சட்டியிலும் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"எங்களுக்கு இண்டைக்கு மரக்கறி" என்றாள் தவமணி, கேட்காமலே. சனிக்கிழமை விரதம் நல்ல காரணம்தான், புட்டுக்குள் கிடந்த முட்டைப்பொரியலைக் காணாதவர்களுக்கு. கோணேஸ்வரி கண்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அதைத் தவமணி குடித்தாள். தேத்தண்ணி கை நனைப்பதில் சேராது என்று அவள் புறப்படுமுன்னரே தனக்குத் தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தாள்.

பொழுதுபட, பச்சை உடுப்புப் போட்ட ஒரு பார்க் பெண் வந்து கிருஷாந்தோடு கதைத்துவிட்டுப் போனாள். இரவில் சாப்பாடு திருட ராக்கூன் வருமாம், சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் வானுக்குள் வைத்துப் பூட்டவேண்டுமாம். எல்லாம் வானுக்குள் போயின, ஒன்றைத் தவிர.

"அம்மா, அந்த மனிசி சொன்னவ எல்லே" என்றாள் நிரூபா.

"மல்வேர்னில காணாத ராக்கூனே? எங்கடை எங்களோட இருக்கட்டும்."

"வானுக்குள்ள வைச்சால் என்ன நடக்கும்?"

என்ன நடக்கும் என்பதை அவர்கள் காதுபடச் சொல்ல முடியுமா? தவமணி கூலரை மேசைக்குக் கீழே தள்ளி, மூடியின்மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். நிரூபா கொஞ்ச நேரம் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாயின் பதில் என்னவென்று அவளுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

காலையில் எழும்பியதும் தவமணி வழக்கம்போலச் சீனி வருத்தத்துக்கு, இரத்தத்தில் சீனியை இறக்கும் குளிசையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகுதான் மேசைப் பக்கம் போனாள். கல் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். புட்டு புல்லெல்லாம் இறைந்து கிடந்தது. முட்டைப்பொரியலைக் காணவே இல்லை. சம்பலில் குழந்தைக் கைபோலச் சின்னச் சின்ன விரல் அடையாளம். மோர்மிளகாயை மட்டும் கடித்துப் பார்த்துத் துப்பிவிட்டுப் போயிருந்தன.

"நாசமாப் போவார்" என்று தவமணி மரங்களைப் பார்த்துத் திட்டினாள். ஸ்ரீஸ்கந்தராசா வந்து எட்டிப் பார்த்தார்.

"இனி என்னப்பா செய்யிறது?"

"என்ன செய்யிறது? பின்னேரம் வீட்டை போய்ச் சாப்பிடுறது."

"நீ குளிசை போட்டிட்டாய் எல்லோ?"

"போட்டால் போட்டதுதான். ஒரு நேரம் சாப்பிடாட்டில் செத்துப்போகமாட்டன்."

வீறாப்பாகத்தான் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்த்தது. கை நடுங்கத் தொடங்கியது. மேசை வாங்கில் இருந்துகொண்டு, ஒருவரும் பார்க்கக்கூடாது என்று கைகளை மடிக்குள் ஒளித்தாள். தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. எதிரே மூட்டிய நெருப்பில் நேற்றைய மீன்குழம்பு சூடேறிக்கொண்டிருந்தது.

கோணேஸ்வரி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். கையில் தேத்தண்ணி. "குடிங்க அக்கா. சீனி கூடப் போட்டிருக்கன். எங்கட மனிசனுக்கும் இந்த வருத்தம்தான், நடுக்கம் எனக்குத் தெரியும்."

தவமணி மறுபேச்சில்லாமல் குடித்தாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. அடுத்து வரப்போவது சோற்றுத் தட்டு என்று நினைத்து, மாட்டேன் என்று சொல்ல வாயைக் கூட்டி வைத்துக்கொண்டாள். தட்டு வரவில்லை. கோணேஸ்வரி பக்கத்தில் வந்து இருந்தாள்.

"கிருஷாந்த கடைக்கு அனுப்பியிருக்கன். பாணும் வாழப்பழமும் வாங்கிட்டு வருவான். இப்ப வந்திருவான்."

"ஏன் வீண் அலைச்சல்?"

"எங்கட பக்கமும் அந்த வழக்கம் இருக்கு அக்கா. நேத்து நீங்க எங்கட சோத்தத் தொடல்ல, எனக்கு விளங்கிற்று." குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. "ஒரு வாய் சாப்பிட்டா, பிறகு வேணாம் எண்டு சொல்ல உங்களுக்கு மனம் வராது. பிள்ளைட கலியாணத்தப் பசியில முடிவெடுக்கப்படாது. கடைப் பாண் ஆருட வீட்டுச் சாப்பாடும் இல்ல. அதச் சாப்பிடுங்க. பின்னேரம் உங்கட மனம் என்ன சொல்லுதோ அதச் சொல்லுங்க."

தவமணிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மருந்து போட்டு மயக்கும் கூட்டம் என்று பயந்து இரண்டு நாளாக ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தவள் அவள். மயக்க நினைத்தவளுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஆள் தள்ளாடிக்கொண்டு இருக்கும்போது ஒரு தட்டை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. அருள்மலருக்கு இதை ரெலிபோனில் எப்படிச் சொல்வது என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை.

வான் வந்தது. கிருஷாந் பாணை மேசையில் வைத்துவிட்டு, அவளை நிமிர்ந்து பார்க்காமல் ஆற்றுப் பக்கம் போனான். நிரூபா வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தவள், தாயின் முகத்தைக் கண்டு வழியிலேயே நின்றுவிட்டாள். தவமணி ஒரு துண்டுப் பாணைப் பிய்த்து வாயில் வைத்து மென்றாள், மென்றாள், விழுங்கினாள். இரண்டாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நெருப்பில் இருந்த சட்டியைப் பார்த்தாள்.

"வெறும் பாண் தொண்டையால இறங்குதில்லை" என்றாள். "உந்தச் சட்டிக் குழம்பில கொஞ்சம் ஊத்துங்கோ, மச்சாள்."

நிரூபா வாளியைக் கீழே வைத்தாள். பாதித் தண்ணீர் காலில் கொட்டியது அவளுக்குத் தெரியவில்லை. கோணேஸ்வரி போய்ச் சட்டியைத் தூக்கிவந்தாள். அவள் தவமணிக்கு ஊற்றுமுன்னரே ஸ்ரீஸ்கந்தராசாவின் தட்டு நடுவில் வந்து நீண்டது.

தவமணி பாணைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உப்புக் கொஞ்சம் காணாது" என்றாள்.

"இனி நீங்க சொல்லித்தாங்க, மச்சாள்" என்று கோணேஸ்வரி உப்புப் போத்தலை எடுத்து அவள் பக்கம் வைத்தாள்.