டேங்கைக் கழுவிய தண்ணீர்

பக்கத்துத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, கூலிக்காரன் சங்கிலி மருந்து டேங்கை அலசிக்கொண்டிருந்தான். பயற்றங்காட்டு முதலாளி சுந்தரலிங்கம் வந்த வேகத்தில் விட்ட உதையில் வரப்பில் குப்புற விழுந்தான். எழுவதற்குள் அவருடைய மகன் கார்த்திக்ராஜ் முடியைப் பிடித்து இழுத்துப்போய், பயற்றங்காட்டு மண்ணில் முகத்தை வைத்துத் தேய்த்தான். பங்குனி வெயிலில் மண் அடுப்பாகச் சுட்டது.

"பார்றா, பூ வைக்கிற பயிரு. எப்பிடிக் கருகிக் கெடக்குன்னு பாரு!"

தட்டாம்பயறு திட்டுத்திட்டாகக் காய்ந்து நின்றது. போன வாரம் அதற்கு மருந்து அடித்தவன் சங்கிலிதான். அதற்கு முந்தின நாள் அதே டேங்கில் தென்னந்தோப்புக்குக் களைக்கொல்லி அடித்திருந்தான். பயிர் திடீரென்று கருகினால் மார்க்கையன்கோட்டைப் பக்கம் முதல் சந்தேகம் டேங்கின் மேல்தான்.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் அடிச்சேன் மொதலாளி."

"கழுவுனியா? இப்பவும் கழுவித்தான வச்சிருக்க. குடிடா." டேங்கை அலசிய தண்ணீரைச் சிரட்டையில் பிடித்து நீட்டினார்.

"இது மொதத் தண்ணி மொதலாளி. மருந்து நிக்கும்."

மருந்தடிக்கும் பித்தளைக் குழாயால் சுந்தரலிங்கம் வாயிலேயே அடித்தார். பல் ஒன்று உடைந்து உதட்டைக் கிழித்தது. கார்த்திக்ராஜ் தாடையைப் பிளந்து பிடிக்க, சிரட்டையில் இருந்ததைச் சங்கிலி விழுங்கினான். குடித்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தான், பாவம்.

"யப்பா, ஆபீசர் வந்துட்டாக."

சுந்தரலிங்கமே போன் போட்டு வரவழைத்த வேளாண்மை அதிகாரி ஷர்மின், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு செடியைப் பிடுங்கினாள். வேர் பாதியில் ஒடிந்தது. பட்டை நாராக உரிந்து, உள்ளே கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

"களைக்கொல்லி இல்லைங்க. வேரழுகல். மண்ணுலயே இருக்குற பூசணம். ஈரம் காஞ்சு மண்ணு இப்பிடிக் கொதிச்சா வெறி புடிச்ச மாதிரி பரவும். ஒடனே தண்ணி பாச்சி மண்ணக் குளுர வைங்க, மிச்சமாச்சும் தேறும்."

தென்னை நிழலில் சங்கிலி குடலே வந்துவிடும்போல வாந்தி எடுத்தான்.

"அவருக்கு என்ன?"

"வெயிலு மேடம். ஒத்துக்கல" என்றான் கார்த்திக்ராஜ்.

அவன் வாயில் வழிந்த ரத்தத்தை ஷர்மின் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

மோட்டார் ஓடி, வாய்க்காலில் பயிருக்குத் தண்ணீர் வந்தது. தூரத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த சங்கிலியின் பெண்டாட்டி பாண்டீஸ்வரி ஓடிவந்து, அவனை வாய்க்காலுக்கு இழுத்துப்போய் முகத்தைத் தண்ணீரில் குனிய வைத்தாள்.

"ஏ புள்ள!" சுந்தரலிங்கம் கத்தினார். "அங்கன வச்சு வாயக் கழுவாத. மருந்து பயிருக்குப் போயிரும்."

அவள் அவனைக் காய்ந்த தரையில் கிடத்திவிட்டு, இரு கைகளிலும் தண்ணீரை அள்ளிக்கொண்டு ஓடினாள். அவன் வாய்க்குப் போவதற்குள் பாதி விரலிடுக்கில் ஒழுகிப்போனது.