பதின்மூன்றரை

போன வருஷம் எங்கள் ஊர்த் திருவிழாவின் மூன்றாம் நாள், மாயக்கண்ணன் என்கிற சிரிப்பு நடிகன் மேடையிலிருந்து என்னைப் பார்த்துக் கை நீட்டினான். என் கணவர் இறந்து அப்போது எட்டு மாதம். அன்றுதான் முதல்முறையாக நாலு பேர் நடுவே வந்து உட்கார்ந்திருந்தேன்.

“அண்ணன் எதனால போனாரு ஆச்சி? நெஞ்சுவலியா, உங்க சமையலா?”

பந்தல் முழுக்கச் சிரித்தது. நான் எழுந்து வீட்டுக்கு நடந்தேன். கோயில் முக்குத் திரும்பும் வரை அந்தச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இந்த வருஷமும் அவனையே அழைக்கப் போகிறார்களாம். அவன் வந்தால் என்னால் அங்கே போய் உட்கார முடியாது. கல்யாணமாகி வந்த இருபத்தாறு வருஷத்தில் ஒரு திருவிழாவைக்கூட நான் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பங்காளிகள் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

“சிரிப்பா எடுத்துக்கிறணும் ஆச்சி,” என்றார் திருவிழாக் காரியம் பார்க்கும் சத்தியமூர்த்தி. “காமெடின்னா நாலு பேரைக் கிண்டல் பண்ணத்தான் செய்வாக.”

“அந்த நாலு பேருல நீங்க மட்டும் ஏன் ஒரு தடவைகூட இல்லை?”

அவர் மடியிலிருந்த கணக்கு நோட்டைப் புரட்டினார். “அவனுக்குப் பதிலா இவளைக் கூப்பிடுங்க,” என்று நான் செல்போனை எடுத்து, தீபலட்சுமி என்ற பெண் பேசும் வீடியோவைப் போட்டேன். காரைக்குடிப் பக்கத்துப் பெண்தான். தன் வீட்டுக் கதையையே சொல்லிச் சிரிக்க வைப்பவள்.

“ஓடு ஒழுகுது, மாத்தணும்னு குரூப்புல போட்டேன். வீட்டுக்கு இருபத்திரண்டு பங்கு. ஒவ்வொருத்தரா யோசிச்சு, சிங்கப்பூர்ல இருக்கவுக சரின்னு சொல்றதுக்குள்ள மழையே நின்னுபோச்சு. இப்ப மழை இல்லையே, எதுக்கு ஓடுன்னு கேக்குறாக!”

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பின்வரிசை இளவட்டங்கள் வாய்விட்டே சிரித்தார்கள். சத்தியமூர்த்தியின் முகம் சுண்டிப்போனது.

“இதுல என்ன சிரிப்பு இருக்கு? நம்ம வீட்டு ஒழுகலை ஊரறியச் சொல்றதா?”

எனக்கு வந்ததே கோபம். என் வீட்டுச் சாவு மேடை ஏறலாம், இவர்கள் வீட்டு ஓடு ஏறக்கூடாதா? தன்னைச் சொல்லிச் சிரிக்க வைப்பவள் இவர்களுக்கு ருசிக்கவில்லை. அழுதுகொண்டிருப்பவளைச் சீண்டினால் மட்டும் வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம்.

கடைசியில் புள்ளிக்கு ஒரு கை என்று முடிவானது. எங்களில் கல்யாணமான ஜோடி ஒரு புள்ளி. புருஷன் கை தூக்கினால் பெண்டாட்டியும் தூக்கிய மாதிரி. அந்த வீடியோவை எனக்கு அனுப்பியதே சத்தியமூர்த்தியின் மனைவி தேனம்மைதான். அவர் மாயக்கண்ணனுக்குக் கை தூக்கியபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாயக்கண்ணனுக்குப் பதின்மூன்று. ஓடு ஒழுகிய கதைக்குச் சிரித்த இளவட்டங்கள் கைகொடுத்ததில் தீபலட்சுமிக்கும் பதின்மூன்று.

நான் கையைத் தூக்கினேன்.

“நீங்க அரைப்புள்ளி ஆச்சி,” என்றார் சத்தியமூர்த்தி.

அது எனக்குத் தெரியாதா? துணையை இழந்தவர்கள் அரை. என் கணவர் போன மறுமாதமே அந்த நோட்டில் என் பெயருக்கு நேராக அப்படி எழுதியவர் இவர்தான்.

“அரைன்னு வச்சது நீங்கதானே? அந்த அரையை எண்ணுங்க. கட்டின பொம்பளைக அம்புட்டுப் பேரும் இங்க வாயை மூடிக்கிட்டு இருக்காக. தனியாக் கை தூக்க எனக்கு மட்டுந்தான் பாத்தியதை இருக்கு. அதுக்கு என் புருஷன் சாகவேண்டி இருந்துச்சு.”

தேனம்மை நிமிர்ந்தாள். “எண்ணுங்க, எண்ணுங்க,” என்றாள் புருஷனைப் பார்த்து.

சத்தியமூர்த்தி நோட்டைத் திறந்து பதின்மூன்றரை என்று எழுதினார். சுவரோரம் யாரோ களுக்கென்று சிரிக்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் காது சிவந்துவிட்டது.

“சிரிப்பா எடுத்துக்கிறணும் தம்பி,” என்றேன்.