பிக்ஸ்பி எந்த ஊர்க்காரன்?

"நானாய்யா வெளியூர்க்காரி? நானா? அந்தக் கல்லறையில எங்கப்பன் படுத்திருக்கான், எங்கம்மா படுத்திருக்கா, பொறந்த வாரமே செத்துப்போன எம்புள்ள படுத்திருக்கு. அவங்களையும் எழுப்பிக் கூட்டிட்டுக் கிளம்பணுமா?"

பக்கத்து வீட்டு மெஹிடபெல் போட்ட கூச்சலில் என் கொட்டகைக் கோழிகள் மிரண்டன. என் ஜன்னல் ஏற்கெனவே திறந்திருந்தது. பிப்ரவரிப் பனியில் எதற்குத் திறந்து வைத்தாய் என்று யாரும் கேட்க வேண்டாம்.

அவள் வாசலில் கான்ஸ்டபிள் ஓபடையா ஸ்னெல் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"கத்தாதக்கா. நானா சொல்றேன்? சட்டம் சொல்லுது. புருஷனுக்கு எது ஊரோ அதுதான் பொண்டாட்டிக்கும் ஊர். பிக்ஸ்பிக்கு இது ஊர் இல்ல. அதனால உனக்கும் இல்ல. பதினஞ்சு நாள்ல ரெண்டு பேரும் கிளம்பிடணும்."

"போன மாசம் வரைக்கும் இருந்துச்சே!"

"போன மாசம் நீ விதவை."

"ஓ! விதவையாவே கெடந்திருந்தா ஊர்க்காரி. ஒருத்தனக் கட்டிக்கிட்டா நாடோடி. நல்லா இருக்குடா உங்க சட்டம்!"

எங்கள் மாசசூசெட்ஸில் இது புதிதல்ல. பிழைக்க வந்த ஏழை எவனும் நாளை நொடித்துப்போனால் ஊர்தான் கஞ்சி ஊற்ற வேண்டும். அதனால் அவன் நொடிப்பதற்கு முன்பே ஆளனுப்பி, கிளம்பு என்று சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அன்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்பார்கள். திங்கட்கிழமை கான்ஸ்டபிளை அனுப்புவார்கள்.

ஆனால் அசாஹெல் பிக்ஸ்பிக்கே அனுப்புவார்கள் என்று நான்கூட நினைக்கவில்லை. நான் எதையும் நினைக்கக்கூடியவள்.

மூன்று வருஷத்துக்கு முன் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்த சண்டைக்காகப் பட்டாளத்துக்கு ஆள் கேட்டு வந்தபோது, சீட்டு விழுந்தது எங்கள் சபை மூப்பர் டீக்கன் ஜெடைடா ஹோலிஸ்டரின் மகன் ரூஃபஸுக்கு. உடனே ரூஃபஸுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. அந்த நெஞ்சு அதே வாரம் அறுவடை விருந்தில் ஒரு முழுப் பன்றித் தொடையையும், கூடவே ஒரு குடம் ஆப்பிள் கள்ளையும் தாங்கியது, துப்பாக்கியைத்தான் தாங்காதாம். பதிலாள் அனுப்பலாம் என்று விதி இருந்தது. டீக்கனின் வயலில் கூலிக்கு நின்ற ரோட் ஐலண்டுக்காரன் பிக்ஸ்பி அகப்பட்டான். "போய்ட்டு வாடா, திரும்பி வந்தா இந்த ஊரே உனக்குச் சொந்தம்" என்று டீக்கன் சாராயக்கடை வாசலில் வைத்து, அத்தனை பேர் கேட்க, அவன் முதுகில் தட்டினார். எந்த ஊர் என்று பட்டாளத்து அதிகாரி கேட்டதற்கு பிக்ஸ்பி வாயைத் திறக்கும் முன்னே "எங்க ஊர்! எங்க ஊர்ப் புள்ள!" என்று கத்தியவரும் அவர்தான்.

ஊர்ப் பிள்ளை ஹட்சன் ஆற்றங்கரையில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். மெஹிடபெலின் முதல் புருஷன் சிமியோன் திரும்பவே இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் இங்கிலாந்துக்காரன் நிறுத்திவைத்த கைதிக் கப்பலில் காய்ச்சல் கண்டு செத்தான். பிக்ஸ்பியும் மெஹிடபெலும் ஒருவருக்கொருவர் ஆதரவாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஒற்றைக் காலனும் ஒன்றுமில்லாதவளும் சேர்ந்தால் ஊருக்குச் செலவு என்று டீக்கன் கணக்குப் போட்டார். ஊர்ப் பெரியவர்கள் மூவரில் மற்ற இருவரும் அவர் இருமினால் தும்முகிறவர்கள்.

அன்று மாலையே மெஹிடபெல் டீக்கன் வீட்டுக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். அவளுக்குத் துணை தேவைப்படவில்லை என்பது வேறு விஷயம்.

"அம்மா, கோவப்படாம கேளு" என்றார் டீக்கன், பைப்பைத் தட்டிக்கொண்டே. "தேசம் வேற, ஊர் வேற. அவன் சண்டை போட்டது தேசத்துக்கு. கஞ்சி ஊத்த வேண்டியது ஊர்."

"ராஜா நம்மளக் கேக்காம வரி போட்டா அநியாயம். அதுக்கு நம்ம ஆளுங்க சாகணும். நீங்க ஒருத்தன் கால வாங்கிக்கிட்டு அவனைத் துரத்தினா அது நியாயமா, டீக்கன் ஐயா?"

"எல்லாத்துக்கும் முறைன்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கு, இருக்கு. உங்க மகன் நெஞ்சு எப்படி இருக்கு?"

டீக்கன் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை. கௌரவமான மனிதர்.

வீட்டுக்கு வந்தால் பிக்ஸ்பி அடுப்போரம் மரக்காலுக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். "விடு மெஹி. ரெண்டு கால் இருந்தப்போ என்னைப் போருக்குப் போகச் சொன்னாங்க, ஒத்தக் கால் ஆனப்புறம் ஊரை விட்டுப் போகச் சொல்றாங்க. எப்பவும் என்னை நடக்கவே வைக்கிறாங்க."

அவள் சிரிக்கவில்லை. "இந்த வீட்டை விட்டு நான் நகர மாட்டேன்" என்றாள்.

கெடு முடியும் முன்பே மார்ச் மாத ஊர்க்கூட்டம் வந்தது. கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று பிக்ஸ்பியும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தான். பெண்களுக்கு உள்ளே இடமில்லை. நாங்கள் சபைக்கூடத்து ஜன்னலருகே நின்றோம். அங்கேதான் நன்றாகக் கேட்கும்.

சாலைக்கு ஆள், வேலிக்கு ஆள் என்று ஒவ்வொரு பதவியாகப் போய்ப் பன்றிக்காவலில் வந்து நின்றது. தெருவில் திரியும் பன்றிகளைப் பிடித்துக் கழுத்தில் கட்டை மாட்டும் வேலை. எங்கள் ஊரில் அதைப் புது மாப்பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளை முறுக்கு அடங்கட்டும் என்று. ஆண்களின் அந்த வருஷத்து நகைச்சுவை அத்தோடு தீர்ந்துவிடும்.

"இந்த வருஷம் புது மாப்பிள்ளை யாருப்பா?" என்று ஒரு குரல்.

"பிக்ஸ்பி!" என்று கத்தினான் ரூஃபஸ். "ஓடுற பன்னிய ஒத்தக் கால்ல புடிக்கட்டும்! பன்னிக்கும் கொஞ்சம் நியாயம் வேணாமா?"

கூடமே அதிர்ந்தது. கைகள் உயர்ந்தன. தலைமையில் இருந்த டீக்கனுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. இன்னும் சில நாளில் போகிறவன்தானே என்ற தைரியம். "எந்திரி பிக்ஸ்பி, கையத் தூக்கு" என்றார்.

பிக்ஸ்பி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான். கையைத் தூக்கினான். இந்த ஊருக்கு உண்மையாக ஊழியம் செய்வேன், ஆண்டவர் துணை என்று டீக்கன் சொல்லச் சொல்லத் தெளிவாகச் சொன்னான். அவன் முகத்தில் சிரிப்பில்லை. அது அவர்களுக்கு இன்னும் வேடிக்கையாக இருந்தது.

மெஹிடபெல் ஜன்னலை அறைந்து திறந்தாள்.

"டீக்கன் ஐயா! ஊர் உத்தியோகத்துல வெளியூர்க்காரன் இருக்கலாமா?"

"சபையில பொம்பளைங்க பேசக்கூடாது!"

"நான் சபையிலயா இருக்கேன்? வெளியிலதான நிக்கிறேன்? வெளியூர்க்காரிதான நான்? கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க!"

ஊர் எழுத்தர் கிழவர் பீலெக், காது சரியாகக் கேட்காத மனிதர், இதை மட்டும் கேட்டுவிட்டார். "இருக்க முடியாது. ஊர்க்காரன் மட்டும்தான்."

"அப்போ ஒண்ணு, எம் புருஷன் ஊர்க்காரன். இல்லேன்னா ஆண்டவர் பேரால பொய்ச் சத்தியம் வாங்கினவர் நீங்க. ரெண்டுல எது?"

பீலெக் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு டீக்கனைப் பார்த்தார்.

"அது... சும்மா வேடிக்கைக்கு" என்றார் டீக்கன்.

"ஆண்டவர் பேரைச் சொல்லியா வேடிக்கை?" என்று முன்வரிசையிலிருந்து பாதிரியார் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷமாக வாய் திறக்காதவருக்கு அன்றுதான் தொண்டை சரியாயிற்று.

ஊரை விட்டுக் கிளம்பச் சொன்ன உத்தரவு ரத்தாயிற்று. சிரித்துக்கொண்டே உயர்ந்த அதே கைகள் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு உயர்ந்தன. தப்புச் செய்துவிட்டோம் என்று ஒருவனும் சொல்லவில்லை. வெளியே வரும்போது, "நம்ம ஊர் மாதிரி இரக்கமுள்ள ஊர் உண்டா?" என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். என் காதால் கேட்டேன். ஒரு மனிதன் காலைக் கொடுத்தபோது தராத ஊரை, அவனைக் கேலி செய்யப்போய்த் தந்தார்கள். அதையும் தானம் என்றார்கள்.

பிக்ஸ்பியும் மெஹிடபெலும் அந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். இரண்டு பெண் குழந்தைகள். டீக்கனின் பன்றிகள் இப்போது தெருவுக்கு வருவதில்லை.

ரூஃபஸ் அந்த ஜூனில் ஆற்றுக்கு அக்கரை ஊரில் மாவு ஆலைக்காரர் மகள் டெலைட்டைக் கட்டினான். புது மாப்பிள்ளையாக அடுத்த மார்ச்சில் பிக்ஸ்பிக்குக் கீழே பன்றி பிடிக்க வேண்டியிருக்கும் என்று யாரோ கணக்குச் சொல்ல, மாமனார் ஊருக்கே குடிபோய்விட்டான். அங்கே எந்தக் கான்ஸ்டபிளும் அவன் வாசலில் வந்து நிற்கவில்லை. பட்டாளத்துக்குச் சீட்டு விழுந்தவன் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். கேப்டன் என்று கூப்பிடுகிறார்களாம்.