ஞாயிற்றுக்கிழமைப் புல்

பல் டாக்டரம்மாவின் வீட்டு முன்னால் திங்கட்கிழமை விரித்த புல்தரை, வியாழக்கிழமை மத்தியானம் தோட்டக் கான்ட்ராக்டரின் வீட்டுக்குத் திரும்பி வந்து ஹாலில் படுத்துக்கொண்டது. வரும் வழியில் சிவப்பு விளக்குக்கு நின்றது என்றும், பால் வண்டி ஒன்றுக்கு ஒதுங்கி வழிவிட்டது என்றும் மெயின் ரோட்டு டிராஃபிக் போலீஸ்காரர் பிறகு சொன்னார். அன்றைக்கு அந்த ரோட்டில் போனவர்களில் சிக்னலை மதித்தது அது ஒன்றுதான் என்பது அவருடைய அபிப்பிராயம்.

கான்ட்ராக்டர் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு வீம்பில்தான். அதற்கு முன் அண்ணனின் டைல்ஸ் கடையில் இருந்தார். ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி, இனி இந்தப் படி ஏறினால் என்னை ஏன் என்று கேள் என்று சொல்லிவிட்டு இறங்கியவர், பழைய மினி லாரி ஒன்று, புல் வெட்டும் மெஷின் ஒன்று, மனைவியின் தம்பி ஒருவன் என்று கிடைத்ததை வைத்துத் தோட்டம் போட ஆரம்பித்தார். அண்ணன் அவரைத் தடுக்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலியை மட்டும் அப்படியே விட்டுவைத்து, தினமும் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத் துடைத்துவந்தார். திட்டியிருந்தால்கூடக் கான்ட்ராக்டருக்கு இவ்வளவு வலித்திருக்காது. தொழில் சுமாராக ஓடியது. போட்ட தோட்டத்திலெல்லாம் 'புல்லை மிதிக்காதீர்கள்' என்று ஒரு தகர போர்டை இலவசமாக நட்டுவிட்டு வருவார். அதற்குக் கீழே அவருடைய போன் நம்பர், எச்சரிக்கையைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கும்.

பல் டாக்டரம்மாவின் தோட்டம் அவர் கைக்கு வந்ததிலேயே பெரியது. ஊரில் வசதியானவர்களின் பல்லெல்லாம் அந்த அம்மாள் கையில் இருந்ததால், அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் அத்தனை வீட்டு வாசலும் பச்சையாகிவிடும். கெட்டதாகச் சொன்னால் மறுபடி அண்ணன் கடை நாற்காலிதான். ஆனால் புல் சுருள்கள் லாரியில் வந்து இறங்கிய அன்று அந்த வீட்டில் காம்பவுண்டு சுவரே முடிந்திருக்கவில்லை. சுருட்டிய புல்லை அப்படியே வைத்தால் உள்ளே புழுங்கி, மூடிவைத்த ஈரத்துண்டு மாதிரி வாடை வந்து மஞ்சளாகிவிடும். விரித்துவைக்கக் கான்ட்ராக்டருக்கு வேறு இடம் கிடையாது. ஆகவே, வேறெந்தத் தோட்டக்காரரும் செய்யாத காரியத்தைச் செய்தார். சோபாவைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தி, பிளாஸ்டிக் ஷீட் போட்டு, வீடு முழுக்கப் புல்லை விரித்தார்.

"ஏங்க, இது வீடா, கிரிக்கெட் கிரவுண்டா?" என்றாள் மனைவி.

கேட்டதோடு சரி. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்தவள், கைப்பையைக்கூட வைக்காமல் அப்படியே சாய்ந்துவிட்டாள். மகள் அதில் குப்புறப்படுத்துப் பாடம் படித்தாள். கேஸ் சிலிண்டரையும் ஸ்கூல் ஃபீஸையும் தாண்டி வருஷக்கணக்கில் எதுவும் பேசிக்கொள்ளாத புருஷனும் பெண்டாட்டியும் அந்த வாரம் ஃபேனைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்து கண்டதையும் பேசினார்கள். அணைந்த விளக்கை மறுபடி ஏற்றியதுபோல் வீடு கொஞ்சம் வெளிச்சமாகக்கூட இருந்தது. சிரிப்பு, சண்டை, சிந்திய காபி என்று எல்லாவற்றையும் புல் வாங்கிக்கொண்டது. அதனால்தான், சுவர் முடிந்து டாக்டரம்மா வீட்டில் கொண்டுபோய் விரித்த புல் வியாழக்கிழமை திரும்பி வந்தபோது மச்சினனுக்கு ஆச்சரியமே இல்லை.

"மாமா, அதுக்கு வீட்டு ஞாபகம் வந்திருச்சு."

"புல்லுக்கு என்னடா ஞாபகம்?"

"ஏன், நீங்க மட்டும் வெளியூர் போனா ரெண்டாம் நாளே வயிறு சரியில்லன்னு ஓடி வர்றதில்லையா?"

சுருட்டிக்கொண்டுபோய் மறுபடி விரித்தார்கள். இந்த முறை மண்ணோடு சேர்த்துக் கம்பி ஊசி அடித்தார்கள். புல் ஊசிகளோடு வந்தது. அடுத்த முறை சமன் செய்யும் இரும்பு உருளையை மேலேயே நிறுத்திவிட்டு வந்தார்கள். அது உருளையையும் இழுத்துக்கொண்டு வந்தது. வாசற்படி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றதைப் பார்த்து மனைவிதான் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். சேதி டைல்ஸ் கடைவரைக்கும் போய்விட்டது. அண்ணன் போன் செய்தார். "டைல்ஸ் போட்டா போட்ட எடத்துலயே கெடக்கும்டா. எந்திரிச்சு வந்ததா சரித்திரமே இல்ல. நாற்காலி காலியாத்தான் இருக்கு." அன்று கான்ட்ராக்டர் சாப்பிடவில்லை. புல்லில் உட்கார்ந்து, அதனிடம் தன் நிலைமையை எடுத்துச் சொன்னார். புல் அவர் பாதத்தைச் சுற்றி நெருங்கிவந்து படுத்ததே தவிர, போகிறேன் என்று சொல்லவில்லை.

மறுநாள் பல் டாக்டரம்மாவே நேரில் வந்துவிட்டார். தனியாக வாழ்கிறவர், கறாரானவர், அவர் பெயரைக் கேட்டாலே குழந்தைகள் வாயைத் திறந்துவிடுவார்கள். விரித்த புல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிற கான்ட்ராக்டரை நான் பார்த்ததே இல்லை என்று வாசலிலேயே ஆரம்பித்தவர், பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார். அதோடு பேச்சு நின்றது. இன்னொரு காலையும் வைத்தார். ஹாலை ஒரு சுற்று நடந்தார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தே விட்டார்.

"என் வீட்ல இது இப்படி இல்லையே" என்றார் மெதுவாக.

"அங்க நீங்க மேல நடந்து பாத்தீங்களா, டாக்டர்?" என்றாள் மனைவி.

"அதெப்படி? மிதிக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கே. நான் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ள நின்னு பாத்ததோட சரி."

எல்லோரும் கான்ட்ராக்டரைப் பார்த்தார்கள். கான்ட்ராக்டர் ஃபேனைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் பல் டாக்டரம்மா வெறுங்காலோடு முன்னால் நடக்க, புல் பின்னால் போனது. போர்டைப் பிடுங்கி மச்சினன் லாரியில் போட்டான். நம்பர் இருந்த பாதியை மட்டும் வெட்டிவைத்துக்கொண்டார்கள், தொழில் தொழில்தானே. அதன் பிறகு புல் அங்கேயே தங்கிவிட்டது. டாக்டரம்மா விடிந்ததும் அதில் நடந்தார், மத்தியானம் படுத்தார், தெருப்பிள்ளைகளைக் கூப்பிட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புல் காலையில் கான்ட்ராக்டர் வீட்டுக்கு வந்து, சாயங்காலம் திரும்பிவிடும். டாக்டரம்மாவும் கூடவே வருவார். வாரம் ஒருநாள் லீவு யாருக்குத்தான் வேண்டாம் என்று அவரே எல்லோருக்கும் சொல்லிவிட்டதால், அடுத்தடுத்த வருஷங்களில் கான்ட்ராக்டர் போட்ட தோட்டங்களிலெல்லாம் அது வழக்கமாகிவிட்டது.

முதல் ஞாயிறே அண்ணன் வந்துவிட்டார், தம்பியைக் கையோடு கூட்டிப்போவதற்கு. அலைந்த களைப்பில், ஒரு நிமிஷம் என்று புல்லில் சாய்ந்தவர் அப்படியே குறட்டை விட்டார். ஆறு மணிக்குப் புல் கிளம்பியது. எழுப்பலாமா என்றாள் மனைவி. வேண்டாம், அவர் தூங்கியே நாளாகியிருக்கும் என்றார் கான்ட்ராக்டர். மெயின் ரோட்டில், அண்ணனைச் சுமந்துவந்த புல்லுக்காகப் போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. மறுநாள் கடையில் விசாரித்தவர்களிடம், பயணம் சௌகரியமாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியை எடுத்துக் குடோனில் போடச் சொன்னார் அண்ணன்.