கேன்சருக்கும் சீனியாரிட்டி

ஹார்னர்ஸ் கேப் ஊரின் ரயில்காரர்களுக்கு எல்லாமே சீனியாரிட்டிப்படிதான். யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தாரோ அவருக்கே நல்ல ஷிஃப்ட், கிறிஸ்துமஸ் லீவு, ஷெட்டில் ஹீட்டருக்குப் பக்கத்து அலமாரி. மேலே இருப்பவனுக்கு உன் வேலை பிடித்துப் போனால் உன்னைத் தள்ளிவிட்டு வந்து உட்காரலாம். நீ வாயைத் திறக்காமல் எழுந்துபோய் உனக்குக் கீழே இருப்பவனைத் தள்ள வேண்டும். கடைசியில் இருப்பவன் வீட்டுக்குப் போய் ஃபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இதில் அநியாயம் இருப்பதாக அந்தக் கடைசி ஆள்கூடச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை யூனியன் ஹாலில் எல்லோரும் கூடினால், அடுப்பிலிருந்து இறங்கும் முதல் பான்கேக் எமெட் ப்ரூசிக்கின் தட்டில்தான் விழும். அவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் வேலைக்குச் சேர்ந்தவர்.

டெல்மர் கோவாச் சேர்ந்தது எழுபத்தொன்பதில். டீசல் எஞ்சின் ஷெட்டில் மெக்கானிக். போன வசந்தத்தில் நுரையீரலில் கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் அந்தப் புகையை விழுங்க வைத்த ரயில் கம்பெனி மீது வழக்குப் போட்டார். கம்பெனி ஒரு தொகை சொன்னது. அந்தக் காசில் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கலாம், டயருக்கு வேறு யாரையாவது கேட்க வேண்டும். இந்த மாசக் கடைசிக்குள் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் கோர்ட்டில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் வரை கோவாச் வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

அப்போதுதான் வக்கீல் ஒரு வழி சொன்னார். வழக்கு நடக்கிற காலத்துக்குச் செலவுக்குப் பணம் தர ஒரு நிதிக் கம்பெனி இருக்கிறது. ஜெயித்தால் வட்டியும் முதலுமாகக் கறந்துகொள்வார்கள், தோற்றால் ஒரு சென்ட்கூடக் கேட்க மாட்டார்கள். ஒன்றே ஒன்று வேண்டும். அதே ஷெட்டில் கூட வேலை பார்த்த ஒருவர், புகை இருந்தது உண்மைதான் என்று சாட்சி சொல்ல வேண்டும். அந்த ஷெட்டில் வேலை பார்த்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்கள் டெல்மரும் எமெட்டும் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். எமெட் பான்கேக்கைச் சிரப்பில் முக்கி எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஜெயிச்சாதான் திருப்பித் தரணுமா?"

"ஆமா."

"தோத்தா?"

"தர வேணாம்."

எமெட் ஃபோர்க்கைக் கீழே வைத்தார். "அப்ப இது நல்ல வேலைடா. எவ்வளவு நாளா உன்கிட்ட இருக்கு?"

"எது?"

"கேன்சர்."

"மார்ச்சுல சொன்னாங்க."

"இத்தனை நாளா சீனியர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம நீ பாட்டுக்கு வச்சிட்டிருந்திருக்க," என்றார் எமெட். "உன்னைத் தள்ளுறேன்."

சாதாரண ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் லூ பாண்டானோவைப் பார்த்தார்கள். லூ கிளைச் செயலாளர். யூனியன் ஒப்பந்தம் முழுவதையும் தலைக்குள் வைத்திருந்ததால் வேறெதற்கும் அங்கே இடமில்லாமல் போனவர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஒரே ஷெட், ஒரே கிரேடு, ஆகவே எமெட்டுக்கு உரிமை உண்டு என்றார்.

"யோவ் லூ, வியாதிய எப்படிய்யா தள்ளிவிட்டு எடுத்துக்கறது?" என்றார் டெல்மர்.

"ஒப்பந்தத்துல வியாதி நீங்கலான்னு எங்க போட்டிருக்கு? காட்டு. தள்ளப்பட்டவன் கீழ உள்ளவனைத் தள்ளலாம். யாரைத் தள்ளுற?"

ஷெட்டில் கீழே ஆளில்லை, ஹாலில் டெல்மருக்குக் கீழே இருந்தது யார்டில் வேலை பார்த்த ஆர்லோ மட்டும்தான். வியாழக்கிழமை அவனுக்குக் கண்புரை ஆபரேஷன். வேறு வழியில்லாமல் டெல்மர் அவனுடைய கண்புரையை எடுத்துக்கொண்டார். ஆர்லோவுக்குக் கீழே ஆளில்லை. அவன் முகம் தொங்கிவிட்டது.

"அப்ப எனக்கு?" என்றான்.

"உனக்கு லே-ஆஃப்," என்றார் லூ. "ஏதாவது வந்தா கூப்பிடுறோம். ஃபோனை விட்டு எங்கயும் போயிடாத."

டெல்மர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும் அவர் மனைவி ரோசலின் கையிலிருந்த கரண்டியை ஸிங்கில் வீசினாள். "கேன்சர விட்டுக்குடுத்துட்டு வந்தியா? பக்கத்து வீட்டுக்கு ஏணி குடுக்கற மாதிரி குடுத்துட்டு வந்து நிக்கிற. உன் நெஞ்சுக்குள்ள இருக்கறது அந்தக் கிழவனுக்கு எழுந்து நின்னு இடம் குடுக்குமா?"

"ரூல் அப்படி, ரோஸ்."

"ரூலைக் கொண்டுபோய் அடுப்புல போடு, அதாவது எரியட்டும்."

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். இந்த மாசம் போனால் அவர் அந்தப் பிச்சைக்காசுக்குக் கையெழுத்துப் போடுவார், வீடு போகும், அதற்குப் பிறகு அவரும் போவார். உண்மையைச் சொன்னால், எமெட் நிஜமாகவே தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டால் தேவலை என்றும் அவளுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள்.

அடுத்த செவ்வாய், டெல்மர் லூவைப் பிடித்துக்கொண்டார். சாட்சி வேண்டும், நாள் ஓடுகிறது, இந்தக் கூத்தை நிறுத்து என்றார். லூ யோசித்து ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். தள்ளிவிட்டு வந்தவன் அந்த வேலை தனக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். முன்பெல்லாம் புது எஞ்சினைத் தொடுவதற்கு முன் பரிட்சை வைப்பார்களே, அதுபோல. பாஸாகாவிட்டால் வேலை பழைய ஆளுக்கே திரும்பிவிடும்.

"பரிட்சையா?" என்றார் எமெட். எழுபத்தாறு வயதாகியும் தும்மல்கூடப் போடாத உடம்பு. விபத்தில்லாத வருஷங்களுக்காகக் கம்பெனி கொடுத்த பச்சை ஜாக்கெட்டை மேல் பட்டன் வரை போட்டிருந்தார். "வாழ்க்கையில ஒரு பரிட்சையிலயும் நான் ஃபெயிலானதில்ல. எங்க வைக்கிறாங்க?"

கவுன்ட்டி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். எமெட் கவுன்ட்டரில் போய், டெல்மர் கோவாச்சுக்கு எடுத்த எல்லா டெஸ்டையும் தனக்கும் எடுக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்ட நர்சிடம் தன்னுடைய சீனியாரிட்டித் தேதியைச் சொன்னார். டீசல் ஷெட்டில் எத்தனை வருஷம் என்று டாக்டர் கேட்டார். பதிலைக் கேட்டதும் அவர் உடனே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

மாசத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, நிதிக் கம்பெனியிலிருந்து கரிஸா விட்லி என்ற பெண் யூனியன் ஹாலுக்கே வந்துவிட்டாள். சாட்சி கிடைக்கிறதா இல்லையா என்று நேரில் பார்த்துவிட்டுப் போவதற்காக. அவள் முன்னால் ஒரு பான்கேக்கை வைத்தார்கள். எமெட் இன்னும் வராததால் அது முதல் பான்கேக், அதனால் தொட வேண்டாம் என்று ஆர்லோ அவளிடம் ரகசியமாகச் சொன்னான்.

எமெட் வந்தார். ஜாக்கெட் பட்டன்கள் திறந்திருந்தன. தன் நாற்காலியில் உட்கார்ந்து தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ன ஆச்சு? ஃபெயிலா?" என்றார் லூ.

"பாஸ்," என்றார் எமெட். "ரெண்டு பக்க நுரையீரல்லயும்."

ஆர்லோ தொப்பியைக் கழற்றினான். இந்த ஆளை டெல்மர் இருபத்தெட்டு நாளாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தார், இப்போது திட்டவும் முடியவில்லை, வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

லூவுக்குக் கடமைதான் பெரிது. கரிஸா பக்கம் திரும்பினார். "சரிம்மா. ப்ரூசிக் தகுதி ஆயிட்டார். சீனியரும் அவர்தான். ஆக அந்த இடம் அவருக்கு."

"எந்த இடம்?" என்றாள் கரிஸா.

"நீங்க பணம் தர்ற இடம்."

"இடம்னு ஒண்ணும் இல்லையே சார். யாருக்கெல்லாம் வழக்கு நிக்குதோ அவங்க எல்லாருக்கும் தரலாம். ரெண்டு பேருக்கும் தரலாம்."

"ரெண்டு பேருக்குமா?" லூ நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ரயில்வேயில் ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு ஒரே நல்லது நடந்ததாக அவருக்கு நினைவில்லை. "கீழ உள்ளவனுக்கும் அதேதானா?"

"ஒருத்தருக்கு இன்னொருத்தர் சாட்சி சொன்னா போதும்."

எமெட் ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். அதைக் கழற்றி அங்கே யாரும் பார்த்ததில்லை.

"எழுதிக்கம்மா," என்றார். "குளிர்காலத்துல கதவெல்லாம் சாத்திட்டு உள்ளயே எஞ்சினை ஓட விடுவோம். புகையில என் கையே எனக்குத் தெரியாது. இவன் இருமிக்கிட்டே இருப்பான். எங்கிட்ட வந்து, மேலதிகாரிகிட்ட கதவத் திறக்கச் சொல்லு அண்ணேன்னு கேட்டான். நான் சொல்லல. புகார் சொன்னா ஷெட்டுக்கு ஜாக்கெட் கிடைக்காது."

"இதெல்லாம் எழுதணுமா?" என்றாள் கரிஸா மெதுவாக.

"கேட்டானே, அத முதல்ல எழுது. நான் சொல்லலங்கறதையும் எழுது."

டெல்மர் எமெட்டுக்காகக் கையெழுத்துப் போட்டார், எமெட் டெல்மருக்காகப் போட்டார். எமெட்தான் முதலில் போட்டார், அதை யாரும் எதிர்பார்க்காமல் இல்லை. பணம் பத்து நாளில் வந்தது. ரயில் கம்பெனி கையெழுத்துக்கு அனுப்பிய காகிதத்தை ரோசலின் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்பினாள். கவரை ஒட்டுவதற்கு முன் உள்ளே ஒரு வார்த்தை எழுதினாள், அது என்னவென்று டெல்மரிடம்கூடச் சொல்லவில்லை. ஆர்லோவுக்குக் கண்புரை திரும்பக் கிடைத்தது. அவன் சந்தோஷப்பட்டதைப் பார்க்க வேண்டும்.

கீமோ ஏற்றும் அறையில் இரண்டு பேருக்கும் புதன்கிழமை. ஜன்னலோர நாற்காலியிலிருந்து பார்த்தால் ரயில் யார்டு முழுக்கத் தெரியும். முதல் நாள் டெல்மர் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார். கையில் ஊசி குத்தி, மருந்து இறங்க ஆரம்பித்த பிறகு எமெட் வந்து எதிரே நின்றார்.

"தள்ளுறேன்," என்றார்.

"யோவ், ஊசி போட்டிருக்குய்யா."

"கம்பத்தோட எழுந்து வா. அறுபத்தாறுல சேர்ந்தவன்டா நான்."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். டெல்மர் மருந்து தொங்கும் கம்பத்தை உருட்டிக்கொண்டு உள்பக்கத்து நாற்காலிக்குப் போனார். அந்தக் குளிர்காலம் முழுக்க எமெட்தான் ஜன்னலோரம். போகிற வண்டிகளைப் பார்த்து, எந்த எஞ்சினில் எந்த வால்வு ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். டெல்மருக்கு அங்கிருந்து எதுவும் கண்ணில் படாது, ஆனால் காது கேட்டது. போகப்போக அந்தக் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. சில புதன்கிழமைகளில் ரயில் போவது மட்டுமே கேட்டது.

ஏப்ரலில் ஒரு புதன்கிழமை டெல்மர் உள்ளே வந்தபோது ஜன்னலோர நாற்காலியில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் எமெட்டை அடக்கம் செய்தார்கள், அந்தப் பச்சை ஜாக்கெட் இல்லாமல்.

"இன்னைக்கு ஜன்னல் உங்களுக்குத்தான் மிஸ்டர் கோவாச்," என்றாள் நர்ஸ். "வாங்க, நல்ல வெயில்."

டெல்மர் அந்த நாற்காலியைப் பார்த்தார். இப்போது அந்த ஷெட்டில் அவருக்கு மேலே யாருமில்லை. எத்தனையோ வருஷம் இந்த நாளைத்தான் எதிர்பார்த்திருந்தார்.

"அப்படி உடனே உக்கார முடியாதும்மா," என்றார். "காலி ஆன இடத்துக்கு அஞ்சு நாள் நோட்டீஸ் ஒட்டணும். மேல யாராவது கேட்டு வரலாம்."

"யார் வருவா?"

"ரூல் அப்படி," என்று சொல்லிவிட்டு, உள்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.