மாப்பிள்ளையின் கேம்பர்

பெண் கேட்டுப் போகிற வீட்டில் சம்பளம் கேட்பார்கள், சொந்த வீடு உண்டா என்பார்கள், நட்சத்திரம் கேட்பார்கள். மூன்றுக்கும் பதிலை மனப்பாடம் செய்துகொண்டுதான் யுவனேஸ்வரன் தன் அப்பா மணியத்தையும் அம்மா இந்திராதேவியையும் கூட்டிக்கொண்டு புக்கிட் பெருவாங்குக்குப் போயிருந்தான். பெண்ணின் அப்பா சுகுமாரன் மூன்றில் ஒன்றையும் கேட்கவில்லை. வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, தான் மட்டும் வாசலுக்கு இறங்கி, யுவனின் காருக்கு முன்னால் குந்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முன் சக்கரத்தைப் பார்த்தார்.

“கேம்பர் எவ்வளவு?”

“கம்பெனி வச்சதுதான், அங்கிள்.”

பையன் இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்று காதில் விழுந்தாற்போல் சுகுமாரனின் முகத்தில் ஒரு துக்கம் படர்ந்தது.

சுகுமாரன் காப்புறுதி ஏஜெண்டாக இருந்து நன்றாகச் சம்பாதித்து, சீக்கிரமே ஓய்வு பெற்றுக்கொண்டவர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் கோயில் கமிட்டியில் சேர்ந்து நாட்டாமை செய்வார்கள். இவர் மஞ்சள் நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, ‘மலாக்கா வேக நண்பர்கள் மன்றம்’ என்று ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தலைவரும் தொழில்நுட்ப ஆலோசகரும் ஆனார். உறுப்பினர்கள் அவரை ‘சிஃபு’, அதாவது குரு, என்று அழைப்பார்கள். அழைக்காதவர்கள் உறுப்பினர்களாக நீடிப்பதில்லை. பந்தயத் தளத்தை அவர் பார்த்திருக்கிறார். கூரை போட்ட பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து, ஒருமுறை. அவர் கார் எந்த வேகத்தில் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்கூட அவரை முந்திக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

அவர் வாயைத் திறந்தால் கேம்பர். சக்கரம் நிற்கிற சாய்வுக்குப் பெயர் அது. மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் மைனஸ். வளைவில் பறக்கிற பந்தயக்காரனுக்கு அந்தச் சாய்வு ரோட்டில் பிடி கொடுக்கும். நேர் ரோட்டில் வேலைக்குப் போய், வரும் வழியில் மீன் வாங்கி வருகிறவனுக்கு டயரின் உள்விளிம்பைக் கொறித்துத் தின்னும். சுகுமாரன் இரண்டாவது வகை. பேச்சு மட்டும் முதல் வகை.

“என் மகளக் குடுக்கறதுன்னா, என் தரத்துக்கு வரணும் தம்பி,” என்றார், முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து. “முன்னாடி மைனஸ் மூணரை வை. டோ, அதான் சக்கரத்தோட மூக்கு, கொஞ்சம் வெளிய பாக்கணும், அப்பத்தான் ஸ்டீரிங் கத்தி மாதிரி திரும்பும்.” பிறகு விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். “ஐயோ, மூணும் அஞ்சும் எட்டு. சனி. மூணு புள்ளி ஆறு வை. ஒம்பது வந்துரும்.”

“ஒங்களுது எவ்வளவு அங்கிள்?”

“அஞ்சு புள்ளி நாலு,” என்றார் சுகுமாரன், பட்டம் வாங்கிய வருடத்தைச் சொல்கிறவர் போல. “ஞாயித்துக்கிழம ஒங்க புலாவ் செபாங் அம்மன் கோயில்லதான் மன்றத்துக்கு வாகன பூஜை. அந்த செட்டிங்கோட வா. அங்கயே பதில் சொல்றேன்.”

யுவன் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளன். எண்சோதிடம் பார்த்து யாராவது ஒரு திருகாணியை முடுக்கினால் அங்கே கத்துகிறவன். இங்கே, “சரிங்க அங்கிள்” என்றான். வாசற்படியில் தேநீர்த் தட்டோடு நின்ற அவர் மகள் தேவிஸ்ரீ அவனைப் பார்த்த பார்வையில் காதல் கொஞ்சம் குறைவாக இருந்தது.

தெங்கேராவில் டயர் விற்று அலைன்மெண்டும் பார்க்கிற ஜெயமணிக்குச் செய்தி கேட்டதும் முகம் மலர்ந்தது.

“ஆ, சிஃபு பேக்கேஜா! சொல்லவேணாம் லா தம்பி, மனப்பாடம். மன்றத்துக்காரங்க எல்லாம் நம்மகிட்டதான் வர்றாங்க.”

“டயர் போயிராதாண்ணே?”

“போகும். போனா என்ன, கட நானே வச்சிருக்கேன்ல?” ஜெயமணி வெட்கமே இல்லாமல் சிரித்தார். “ஒங்க மாமனாருக்கு வருசத்துல எத்தன டயர் விக்கிறேன் தெரியுமா? அவர் படம் ஒண்ணு கடையில மாட்டணும்னு நெனச்சிக்கிட்டிருக்கேன்.”

“தப்புன்னு நீங்க அவருகிட்ட சொல்றதில்லையா?”

“சிஃபுவுக்கு நான் சொல்றதா? கஸ்டமர் மனசு நோகும் லா.”

வேலை முடிந்தது. கார் தவளை உட்கார்ந்தாற்போல் நின்றது. புலாவ் செபாங் போகிற ரோட்டில் லாரிகள் அழுத்திவிட்ட பள்ளம் எங்கெல்லாம் இருந்ததோ, அங்கெல்லாம் அது தானாகவே போய்ப் படுத்துக்கொள்ளப் பார்த்தது. இடது பக்கம் இழுக்கும், பிடித்துத் திருப்பினால் வலது பக்கம் இழுக்கும். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது யுவனின் இரண்டு தோளும் இறங்கிப் போயிருந்தன. மணியம் தோட்டத்து லாரி ஓட்டிப் பழகியவர். வாசலில் நின்று காரைச் சுற்றி வந்தார்.

“ஏன்டா, முட்டி செத்தவன் மாதிரி நிக்கிது?”

“இதுதான்பா தரமாம்.”

“யாரு சொன்னா?”

“சுகுமாரன் அங்கிள்.”

“அப்பச் சரி,” என்றார் மணியம். “பொண்ணு நல்ல பொண்ணு. சகிச்சிக்க.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவிஸ்ரீயை அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து வீட்டில் விடப் போனான். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மலாக்கா மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. சமிக்ஞை விளக்கு சிவப்பானதும் யுவன் பிரேக்கை மிதித்தான். கார் நிற்பதற்குப் பதிலாக யோசித்தது. டயரின் ஓர் ஓரம் மட்டும் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்க, மற்ற பாகமெல்லாம் காற்று வாங்கிக்கொண்டிருக்க, கார் வழுக்கி, முன்னால் நின்ற ஐஸ்கிரீம் வேனின் பின்கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கதவில் வரைந்திருந்த கரடி இருவரையும் பார்த்துச் சிரித்தது.

தேவிஸ்ரீ வீட்டுத் தெருமுனையில் நிறுத்தச் சொல்லி, குடையோடு இறங்கி, முன் சக்கரத்தின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

“எங்கப்பா சொன்னாருன்னு டயரச் சாச்சிட்ட. நாளைக்கு வீட்டுச் செவரச் சாய்க்கச் சொன்னா?”

“ஒன்னயக் கட்டிக்கத்தானே லா செஞ்சேன்.”

“கட்டிக்கறதுக்கு நான் உசுரோட இருக்க வேணாமா? நீ இஞ்சினியர்தான? இது தப்புன்னு ஒனக்குத் தெரியாது?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ‘சரிங்க அங்கிள்’. வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் பேசுவாரு, எல்லாரும் தலையாட்டுவோம். இன்னொரு தலை வேணாம் எனக்கு.” குடையை நிமிர்த்திக்கொண்டாள். “ஞாயித்துக்கிழம இந்தச் சக்கரத்தோட வந்தீன்னா அப்பா சரின்னுருவாரு. நான் வேணாம்னுருவேன். யோசிச்சிக்க.”

அவள் சொன்னதை அவன் வீட்டுக்குப் போகும்வரை யோசித்தான். சாய்த்தால் மகள் போய்விடுவாள், நிமிர்த்தினால் அப்பா முடியாது என்பார். உலகத்தில் ஒருவனுடைய கல்யாணம் டயரின் சாய்வில் தொங்கிக்கொண்டிருப்பது இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது, பெருமைப்பட முடியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. சுகுமாரனோடு ஒரு பூஜை முடியும்வரை நின்றால் போதும். தேவிஸ்ரீயோடு வாழ வேண்டும்.

சனிக்கிழமை காலையில் ஜெயமணி கடையைத் திறக்கும்போதே யுவன் வாசலில் நின்றான்.

“முன்னாடி மைனஸ் ஒண்ணு புள்ளி ரெண்டுண்ணே. அது போதும், வளைவுல பிடி இருக்கும். டோ துளி உள்ள பாக்கட்டும், அப்பத்தான் மழையில நேராப் போகும். பின்னாடி கம்பெனி செட்டிங்.”

ஜெயமணியின் முகம் சோர்ந்தது. “இப்படி வச்சா டயர் வருசக்கணக்கா ஓடுமே தம்பி.”

“அதுக்குத்தாண்ணே வைக்கிறேன்.”

“கெட்டுப்போற வயசா இது?” என்று முனகிக்கொண்டே காருக்கு அடியில் போனார்.

ஞாயிறு காலையில் மன்றத்தின் கார்கள் அத்தனையும் கோயில் வாசலில் முழங்கால் தட்டி நின்றன. மஞ்சள் கார் நடுவில். சுகுமாரன் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து அணிந்து, ஒவ்வொரு காருக்கும் முன்னால் நின்று ஒரு வார்த்தை சொன்னார். யுவனின் காரைக் கவனிக்க நேரமில்லை. அவர் காருக்குத்தான் முதல் மரியாதை. குருக்கள் மாலை போட்டு, சந்தனம் இட்டு, கற்பூரம் காட்டி, முன் சக்கரங்களின் வெளிவிளிம்புக்குக் கீழே இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தார்.

“மெதுவா ஏத்துங்க.”

சுகுமாரன் ஏற்றினார். ஐந்து புள்ளி நான்கு. டயரின் வெளிவிளிம்பு ரோட்டைத் தொட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு பழமும் அந்த இடுக்கில் மாட்டி, சோப்புக்கட்டி போல வழுக்கி வெளியே தெறித்தன. ஒன்று முழுசாக உருண்டு, மணியத்தின் காலடியில் வந்து நின்றது. மணியம் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“பழத்துக்கு ஒண்ணும் ஆகல,” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

யாரோ மூக்கால் சிரித்தார்கள். குருக்கள் பழத்தை மறுபடி வைத்தார். சுகுமாரன் மறுபடி ஏற்றினார். பழம் இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தூரம் போயிற்று. பெண்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. நசுங்காத பழம் நல்லதா கெட்டதா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்த மாதிரி நடந்ததே இல்லை.

சுகுமாரன் கண்ணாடியை இறக்கினார். “சாமி, பெர்ஃபாமன்ஸ் கார் இது. பழத்த உள்பக்கமா வைக்கணும். சாதாரணக் காடி மாதிரி நெனச்சிக்கிட்டு வைக்கிறீங்க.”

“எவ்வளவு உள்ள?” என்றார் குருக்கள். அதில் கேலி எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியவில்லை. “நீங்களே வந்து வச்சிருங்களேன்.”

வெள்ளைக் காற்சட்டையோடு சிஃபு மண்டியிட்டுத் தன் காருக்கு அடியில் கையை விட்டார். மன்றத்தின் செயலாளர் பிச்சைமுத்து, யாரும் பார்க்காத மாதிரி, தன் காரின் டயரையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பழம் ஒருவழியாக நசுங்கியது. குருக்கள் அதற்குமேல் ஒன்றும் எதிர்பார்க்காதவர் போல அடுத்த காரைக் காட்டினார். அது யுவனுடையது.

பழங்களை வழக்கம்போல வெளிவிளிம்புக்குக் கீழேயே வைத்தார். யுவன் ஏற்றினான். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ‘பச்சக்’ என்றது. சாறு நேராகத் தெறித்துச் சுகுமாரனின் வெள்ளைச் சப்பாத்தில் விழுந்தது. அவர் சப்பாத்தைப் பார்க்கக் குனிந்தார். குனிந்தவருக்குச் சக்கரம் கண்ணில் பட்டது.

“தம்பி. மூணு புள்ளி ஆறு எங்க?”

யுவன் இறங்கினான். தேவிஸ்ரீ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எடுத்துட்டேன் அங்கிள். வச்சுப் பாத்தேன், மழையில நிக்கல. தேவி உள்ள இருந்தா. ஒண்ணு புள்ளி ரெண்டு வச்சிருக்கேன். தினமும் ரோட்டுல ஓட்டறவனுக்கு அதுதான் சரி. ஒங்க பதில் என்னவா இருந்தாலும் நான் அத மாத்தப் போறதில்ல.”

சிஃபுவின் சொல்லைச் சிஃபுவின் முன்னாலேயே ஒருவன் மீறியிருக்கிறான். அதுவும் சிஃபுவின் பழம் இரண்டு தடவை ஓடிப்போன அதே காலையில். சுகுமாரன் சுற்றிப் பார்த்தார். பிச்சைமுத்துவின் பார்வை தன் மேல் இல்லை, அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கிறது என்பதைக் கண்டார். காப்புறுதி விற்று வாழ்ந்தவருக்கு, வாடிக்கையாளர் கைநழுவிப் போகிற கணம் தெரியாமலிருக்குமா?

எழுந்து, யுவனின் தோளில் கையைப் போட்டார்.

“பாத்தீங்களா?” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “இதத்தான் நான் எதிர்பார்த்தேன். பந்தயத்துக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணுன்னு எத்தன மீட்டிங்ல சொல்லியிருக்கேன்! தம்பி சுயமா யோசிக்கிறானான்னு பாக்கத்தான் மூணு புள்ளி ஆறுன்னு சொல்லிவிட்டேன். பாஸ் பண்ணிட்டான்.”

எந்தக் கூட்டத்திலும் அவர் அப்படிச் சொன்னதில்லை. அது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பிச்சைமுத்து கையும் தட்டினார்.

இந்திராதேவி இந்த மாதிரி சந்தர்ப்பங்களை நழுவ விடுகிறவர் அல்ல. “அப்ப தட்டு மாத்தறதுக்கு நாள் பாத்துரலாமாண்ணே?” என்றார் அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள்.

“அத நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன்மா,” என்றார் சுகுமாரன்.

அப்படி ஒன்றும் இல்லை, ஐஸ்கிரீம் வேன் வரைக்கும் போய் வந்தது நாங்கள்தான் என்று சொல்ல யுவன் வாயைத் திறந்தான். கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து தேவிஸ்ரீ உதட்டின் மேல் விரலை வைத்தாள். இந்தத் தடவை அவள் பார்வையில் குறை ஒன்றும் இல்லை. சக்கரம் நிமிர்ந்துவிட்டது, பெருமையை அப்பாவே வைத்துக்கொள்ளட்டும், அவருக்குத்தான் அது இல்லாமல் தூக்கம் வராது.

யுவன் வாயை மூடிக்கொண்டான். சுகுமாரன் அவன் தோளை விடாமலேயே, ரோட்டில் ஓடும் காருக்கு ஒன்று புள்ளி இரண்டுக்கு மேல் ஏன் கூடாது என்று மன்றத்தாருக்கு வெயிலில் விளக்க ஆரம்பித்தார். பாதியில் டோ எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது மறந்துபோய், குரலைத் தாழ்த்தி யுவனிடம் கேட்டார்.

“உள்ள, மாமா,” என்றான் யுவன்.

“உள்ள!” என்றார் சுகுமாரன், விரலை உயர்த்தி.