வராத கோரைப்பல்

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் அவர்கள். இருவருமே பல் டாக்டர்கள். ஒரே கிளினிக்கில் எதிரெதிர் அறைகள். மூத்தவள் பல வருடமாகச் சொத்தையை அடைத்தும் பல்லைப் பிடுங்கியும் பேர் எடுத்தவள். இளையவள் பல் சீரமைப்பில் மேல்படிப்பு முடித்து வந்த கொஞ்ச நாளிலேயே, பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் அவள் அறை வாசலில் வரிசைகட்டினார்கள். மூத்தவளிடம் வந்த தாய்மார்கள்கூட "சின்ன டாக்டர் இல்லையா?" என்று கேட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்தார்கள். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். முகத்தில் மட்டும் சிரிப்பு மாறாது.

மூத்தவளின் மகளுக்குப் பதினான்கு வயது. வலப்பக்க மேல் கோரைப்பல் எப்போதோ முளைத்துவிட்டது. இடப்பக்கம் இன்னும் பால் பல்தான், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அம்மா ஈறைத் தடவிப் பார்த்தாள். வர வேண்டிய பல்லின் மேடு தட்டுப்படவில்லை. இது சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் அடுத்த நிமிடம் அது எதிர் அறைக்குத்தான் போக வேண்டும் என்பதும் தெரியும். சிலருக்குத் தாமதமாகத்தான் வரும் என்று மகளிடம் சொல்லி வைத்தாள். அடுத்த பரீட்சை லீவில் மகள் மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான்.

மகள் அம்மாவிடம் சொல்லாமல் சித்தியின் நாற்காலியில் போய்ச் சாய்ந்துகொண்டாள்.

அன்று மதியமே இளையவள் எக்ஸ்ரேயோடு மூத்தவளின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். கோரைப்பல் மேலண்ணத்துக்குள் சாய்ந்து படுத்திருந்தது. அதன் நுனி பக்கத்து முன்பல்லின் வேரை இடித்து, கொஞ்சம் கரைத்தும் விட்டிருந்தது. மூத்தவளுக்கு முதலில் வந்தது பயமல்ல. பெற்றவளைத் தாண்டி இவளிடம் போயிருக்கிறாளே என்ற எரிச்சல். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"நீங்க கவனிக்கலையாக்கா?"

"கவனிச்சேன். உன் கையில குடுக்க மனசு வரல."

இளையவள் எக்ஸ்ரேயை மேசையில் வைத்தாள்.

"எனக்கும் புரியாம இல்லக்கா. ஆனா இன்னும் விட்டிருந்தா முன்பல்லே போயிருக்கும். இப்ப காப்பாத்திடலாம்."

பால் பல்லை மூத்தவளே எடுத்தாள். இளையவள் ஈறைக் கீறி, உள்ளே தெரிந்த வெள்ளைப் பல்லில் மெல்லிய சங்கிலியை ஒட்டி, மற்ற பற்களில் மாட்டியிருந்த கிளிப்புக் கம்பியோடு இணைத்தாள். ரத்தத்தை உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி மூத்தவள் நின்றாள். பயத்தில் மகளின் கண்கள் தேடியது சித்தியின் முகத்தை. முடிந்ததும் மரத்துப்போன உதட்டோடு, சித்தி ஊசி போட்டதே தெரியவில்லை, அம்மா போட்டால் அலறல் தெருவுக்கே கேட்கும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள். அந்தப் பேச்சு பல நாள் அவளுக்குச் செரிக்கவில்லை.

சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க இறுக்க, ஒரு வருடத்துக்கு மேலாகப் பல் நகர்ந்து வந்து வரிசையில் நின்றது. முன்பல்லின் வேர் குட்டையாகிப் போனாலும் பல் ஆடவில்லை. கிளிப்பைக் கழற்றிய அன்று மகள் சித்தியைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள். மூத்தவள் தன் அறைக்குப் போய்க் கை கழுவினாள். கழுவிய கையையே திரும்பவும் கழுவினாள்.

மறுநாள்தான் எதிர் அறைக் கதவைத் தட்ட முடிந்தது.

"நல்லா பண்ணியிருக்க" என்றாள்.

இளையவள் எழுந்து நின்றுவிட்டாள். உட்காரச் சொன்னாள். மூத்தவள் உட்காரவில்லை, உடனே போகவும் இல்லை.